சாவி யாரிடம் இருக்க வேண்டும்? பூட்டிய யூனியன் பள்ளியைத் தனியாருக்குக் குத்தகைக்குக் கேட்டபோது ஒரு டெல்டா ஊரில் நடந்தது

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற இடத்தை மூணாறு தலைப்பு என்பார்கள். வெண்ணாறு, பாமணியாறு, கோரையாறு மூன்றும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அதில் கோரையாற்றுக் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்தத் தனியார் பள்ளி எது, அதிகாரி யார் என்று சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் தெரிந்துவிடும். யாரையும் குற்றம் சொல்வது என் நோக்கமில்லை. நடந்ததை முழுசாக எழுதி வைத்தால், இதே கேள்வி நாளைக்கு வேறோர் ஊரின் வாசலில் வந்து நிற்கும்போது உதவும் என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 2023 ஜூனில் ஒரு பிள்ளைகூட இல்லை. பள்ளி பூட்டப்பட்டது. ஏழு மாதம் கழித்து, 2024 பொங்கலுக்கு முந்தின வாரம், கடைத்தெருவில் நர்சரி பிரைமரி பள்ளி நடத்துகிற ஒருவர் அந்தக் கட்டடத்தைக் குத்தகைக்குக் கேட்டு வந்தார். மாதம் பத்தாயிரம் ரூபாய் வாடகை, ஓட்டுக் கூரையை அவர் செலவில் சரிசெய்வது, சுற்றுச்சுவர், வருடத்துக்கு ஐந்து ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாத இடம். கேட்ட காலம் பத்து வருடம்.

நான் பக்கத்து ஒன்றியத்தில் நடுநிலைப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் முதலில் கருத்துக் கேட்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். "கொடுத்துவிடலாம்" என்றுதான் சொன்னேன். பூட்டிக் கிடந்து பாம்பு அடைவதைவிட பிள்ளைகள் சத்தம் கேட்பது நல்லது என்று அப்போது மனதாரத் தோன்றியது. அந்தக் கருத்து எட்டு மாதத்தில் எப்படி மாறியது என்பதுதான் இந்த எழுத்தில் பெரும்பகுதி.

கட்டடம் வந்த கதை

காமராஜர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958 முதல், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. அரசு பாதி, ஊர் பாதி என்றுகூட அதைச் சொல்ல முடியாது. பல இடங்களில் ஊர்தான் முக்கால்வாசி. நிலம், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், பிள்ளைகளுக்குச் சட்டை வரை ஊர்க்காரர்களே கொடுத்தார்கள். எங்கள் பள்ளியும் அந்த அலையில் எழுந்ததுதான். ஊரில் பெரிய நிலக்காரர் ஒருவர் 40 சென்ட் மேட்டு மனையைத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். டெல்டாவில் மேட்டு மனை என்றால் என்னவென்று வெள்ளம் பார்த்தவர்களுக்குத் தெரியும். சம்பா அறுவடை முடிந்ததும் களத்திலேயே வீட்டுக்கு இவ்வளவு என்று நெல்லை ஒதுக்கினார்கள். நிலம் இல்லாதவர்கள் உழைப்பைக் கொடுத்தார்கள். என் அப்பா ஆற்று மணல் சுமந்தார். தெற்குத் தெருக்காரர்கள் செங்கல் சூளைக்கு மண் மிதித்தார்கள். அந்தத் தெருப் பிள்ளைகளும் நாங்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த முதல் இடம் அந்தப் பள்ளிதான். கோயிலில் அது நடக்கவில்லை, டீக்கடையில் நடக்கவில்லை, பள்ளியில் நடந்தது.

பனஞ்சட்டம் போட்ட நீளமான ஓட்டுக் கட்டடம் ஒன்று. பின்னாளில் அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் கட்டிய இரண்டு காங்கிரீட் வகுப்பறைகள். சத்துணவுக் கூடம், ஒரு அடிபம்பு, வாசலில் புளியமரம். இவ்வளவுதான் சொத்து.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. யூனியன் பள்ளிகளில் கட்டடமும் இடமும் ஊராட்சி ஒன்றியத்தின் கணக்கில் இருக்கும். பாடம் நடத்துகிற ஆசிரியரோ 1981 முதல் அரசு ஊழியர். அவரைக் கவனிப்பது தொடக்கக் கல்வித் துறை. பள்ளி நடக்கிற வரைக்கும் இந்தப் பிரிவு யார் கண்ணிலும் படாது. பூட்டிய மறுநாள் படும். கல்வித் துறைக்கு அது பிள்ளை இல்லாத பள்ளி. ஒன்றியத்துக்கு அது வருமானம் இல்லாத கட்டடம். ஊருக்கு அது என்ன என்று கேட்க ஒரு மேசை எந்த அலுவலகத்திலும் இல்லை.

எப்படிக் காலியானது

தனியார் பள்ளி வேன் வந்தது, எங்கள் பள்ளி போனது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை.

2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அரசே அறிவித்தது. அந்த வருடம் திருப்பூருக்குப் போன குடும்பங்களில் பாதி திரும்பவில்லை. அடுத்து 2018 நவம்பரில் கஜா புயல். கூரையும் தென்னையும் போனவர்கள் இன்னொரு தடவை மூட்டை கட்டினார்கள். ஊரில் இருந்த சிறு பிள்ளைகளின் எண்ணிக்கையே குறைந்தது. மிச்சம் இருந்தவர்களைத்தான் வேன் பங்கு போட்டது.

இன்னொன்று, 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அளவுகோல். காகிதத்தில் சரி. நடைமுறையில் ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் ஐந்து வகுப்புக்கு ஒருவர். எங்கள் டீச்சர்கள் மோசமானவர்கள் இல்லை. அவர்கள் பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளாகப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன். ஆனால் ஒரு தாய் வந்து எட்டிப் பார்க்கிற நேரத்தில் மூன்று வகுப்பு சும்மா உட்கார்ந்திருந்தால், அவள் அடுத்த ஜூனில் வேனுக்குப் பணம் புரட்டத்தான் செய்வாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2018-இல் 14 பேர். 2022-இல் 3 பேர். அதில் ஒருவன் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனான். மற்ற இரண்டு பேரும் அக்கா தம்பி. அவர்களைத் தாய்மாமன் ஊரில் சேர்த்துவிட்டார்கள். பதிவேடு காலி. டீச்சரை மாற்றுப்பணியில் ஆற்றுக்கு அக்கரைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். சாவி ஒன்றிய அலுவலகத்துக்குப் போனது.

அதே 2023 ஆகஸ்ட் 25 அன்று, எங்கள் டெல்டாவிலேயே, திருக்குவளையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கித் தொடங்கி வைத்தார்கள். பசியோடு பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய திட்டம் இல்லை. அது எங்கள் ஊர் எல்லைக்கு வந்தபோது எங்கள் பள்ளியில் பூட்டு தொங்கியது.

கேட்டவர் பக்கத்து நியாயம்

குத்தகைக்குக் கேட்டவர் பேராசைக்காரர் இல்லை. கடைத்தெருவில் ஒரு மாடிக் கட்டடத்தில் வாடகைக்குப் பள்ளி நடத்துகிறார். கட்டடக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஒரு பள்ளிக்குக் கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தருகிற பொதுக்கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு உண்டு. முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். நெருக்கமான கடைத்தெருவில் இதற்கெல்லாம் பொருந்துகிற இன்னொரு இடம் கிடைப்பது கஷ்டம். எங்கள் பள்ளியோ நாலு பக்கமும் திறந்த மேட்டு மனை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஊரிலும் பெரும்பாலானவர்கள் சம்மதம்தான். ராத்திரியில் அங்கே பாட்டில் சேர ஆரம்பித்திருந்தது. ஓடு சரிந்த இடத்தில் மழை இறங்கி, சட்டத்தில் கரையான் ஏறியிருந்தது. "இன்னும் ரெண்டு மழை பாத்தா தானா விழுந்துடும் அண்ணே, அப்பறம் யாருக்கும் இல்ல" என்றார் வார்டு உறுப்பினர். அது பொய்யில்லை.

பத்திரத்தில் இருந்த ஒரு வார்த்தை

ஒன்றிய அலுவலகத்தில் முதலில் கேட்டது இடம் யாருடையது என்பதற்கான ஆதாரம். நான் சும்மா இருக்கிறவன் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுத் தானப் பத்திரத்தின் நகல் வாங்கினேன். பழைய கையெழுத்து, முக்கால்வாசி வடமொழி கலந்த பத்திர நடை. அதில் 'ஆரம்பப் பாடசாலை நடத்தும் பொருட்டு' என்று இருந்தது. 'இவ்வூர்க் குழந்தைகள் அனைவருக்கும்' என்றும் இருந்தது.

நகலைத் தனியார் பள்ளிக்காரரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டுச் சிரித்த முகமாகவே கேட்டார்: "நானும் ஆரம்பப் பள்ளிதானே சார் நடத்தப்போறேன்? பத்திரத்துக்கு எங்க முரண்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அன்று ராத்திரி தூங்காமல் யோசித்ததில்தான் பிடிபட்டது. 'ஆரம்பப் பாடசாலை' என்ற சொல்லுக்கு அவர் பொருந்துவார். 'அனைவருக்கும்' என்ற சொல்லுக்குப் பொருந்த முடியாது. அது அவருடைய குணம் சம்பந்தப்பட்டதில்லை. கட்டணம் வாங்கி நடத்துகிற பள்ளி, கட்டணம் கட்ட முடியாத பிள்ளையை வாசலில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் அவரால் சம்பளம் போட முடியாது.

ஐந்து இலவச இடம் தருகிறேன் என்றார் இல்லையா, அதையும் யோசித்தேன். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசு உதவி பெறாத தனியார் பள்ளி ஏற்கெனவே நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியாக வேண்டும். கட்டணத்தை அரசு திருப்பித் தரும். அதாவது அவர் தருவதாகச் சொன்ன சலுகையில் ஒரு பங்கு சட்டப்படி ஏற்கெனவே இருக்கிற கடமை. இன்னொன்று, அந்த ஒதுக்கீடு நுழைவு வகுப்புக்கு மட்டும். திருப்பூரிலிருந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளையோடு திரும்பி வருகிற குடும்பத்துக்கு அதில் இடமில்லை. யூனியன் பள்ளியில் ஆகஸ்டில் வந்தாலும் டீச்சர் பதிவேட்டில் பேர் எழுதிக்கொள்வார். மேலும் அந்த 25 சதவீதம் எவ்வளவு உறுதியானது என்பதை 2025-இல் பார்த்தோம். மத்திய அரசின் கல்வி நிதி வராத இழுபறியில், வழக்கமாகக் கோடையில் நடக்கிற சேர்க்கை மாதக்கணக்கில் தள்ளிப்போனது.

காலம் என்கிற முடிச்சு

பத்திரத்துக்கு அடுத்து என்னை மிகவும் யோசிக்க வைத்தது குத்தகைக் காலம். இதில்தான் இந்த விவகாரத்தின் மையம் இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

தனியார் பள்ளிக்கு நீண்ட காலம் வேண்டும். அது நியாயம். கூரை மாற்றி, சுவர் எழுப்பி, கழிப்பறை கட்டிப் போடுகிற பணம் ஒரே வருடத்தில் திரும்பாது. அங்கீகாரம் கேட்டுப் போனாலும் இடம் எத்தனை வருடம் உங்கள் கையில் இருக்கும் என்றுதான் கேட்பார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்த பத்து வருடப் பத்திரம் என்பது லேசில் அவிழ்க்க முடியாத முடிச்சு.

ஊருக்கோ குறைந்த காலம் வேண்டும். அடுத்த ஜூனில் நாலு பிள்ளைகள் சேர்ந்தால் பள்ளியைத் திறக்க வேண்டும். "அப்படின்னா 11 மாச ஒப்பந்தம் போட்டுக்கலாம், கடைக்குப் போடற மாதிரி" என்று ஒருவர் சொன்னார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் கடைக்காரரைக் காலி செய்யச் சொன்னால் சரக்கை எடுத்துக்கொண்டு போவார். 150 பிள்ளைகள் படிக்கிற பள்ளியை நடு வருடத்தில் யார் காலி செய்யச் சொல்வது? அந்தப் பிள்ளைகளும் நம் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். அவர்களைத் தெருவில் நிறுத்த எந்த அதிகாரியும் துணிய மாட்டார், எனக்கும் மனம் வராது. ஆக 11 மாதம் என்று எழுதினாலும் அது 11 வருடமாகத்தான் ஓடும். பிள்ளைகள் உள்ளே வந்த அன்றே குத்தகை நிரந்தரமாகிவிடுகிறது. அரசுப் பள்ளிக் கட்டடத்தை வேறு எதற்கு வாடகைக்கு விடுவதைவிடவும் இன்னொரு பள்ளிக்கு விடுவதுதான் திரும்பப் பெறக் கடினமானது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இங்கிலாந்தில் அகாடமி என்கிற பள்ளிகளுக்கு உள்ளாட்சிகள் தங்கள் பள்ளி இடத்தைப் பெயருக்கு ஒரு வாடகையில் 125 வருடக் குத்தகைக்குக் கொடுக்கின்றன. அங்கே அந்தப் பள்ளிகள் அரசு நிதியில் இயங்குபவை, பிள்ளையிடம் கட்டணம் வாங்கக் கூடாது. அப்படி இருந்துமே அந்த நிலம் மூன்று தலைமுறைக்கு உள்ளாட்சியின் கைக்குத் திரும்பாது. இங்கே கட்டணம் வாங்குகிற பள்ளிக்குக் கொடுக்கப் பார்த்தோம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஐந்தாம் வகுப்பு வரை வந்தால் பெற்றோர் ஆறாம் வகுப்பு கேட்பார்கள். கிராம ஊராட்சியில் மெட்ரிக் பள்ளிக்கு 3 ஏக்கர் வேண்டும் என்பது விதி. எங்கள் மனை 40 சென்ட். அதற்குப் பக்கத்தில் இருப்பது கோயில் நிலம். இந்து சமய அறநிலையச் சட்டப்படி கோயில் நிலத்தை ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விட ஆணையரின் அனுமதி வேண்டும். அதாவது ஒரு கட்டடத்தில் தொடங்குகிற பேச்சு, விதித் தளர்வு கேட்டும் பக்கத்து நிலம் கேட்டும் வளரும்.

கும்பகோணத்தை மறக்க முடியாது

குத்தகைப் பேச்சின் நடுவில் ஒரு சமரசம் வந்தது. ஓட்டுக் கட்டடத்தில் அவர்கள் நடத்தட்டும், காங்கிரீட் கட்டடத்தை நாம் வைத்துக்கொள்வோம், நாளைக்குப் பிள்ளை வந்தால் நம் பள்ளியும் ஒரு பக்கம் நடக்கட்டும். பலருக்கும் இது பிடித்திருந்தது. நான் உடனே மறுத்தேன். ஊரில் சிலருக்கு அது பிடிவாதமாகப் பட்டது.

எங்கள் ஊரிலிருந்து கும்பகோணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பஸ் பயணம். 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. சத்துணவு சமைக்கிற கீற்றுக் கொட்டகையில் பிடித்த தீ, மாடியில் இருந்த கீற்றுக் கூரை வகுப்பறைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. அன்றைக்கு நான் பள்ளியில் இருந்தேன். செய்தி வந்ததும் எங்கள் வகுப்புப் பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தோம். எதற்கு என்று எங்களுக்கே தெரியாது. கூரைக்குக் கீழே அவர்களை வைத்திருக்க முடியவில்லை.

அந்த இடத்தில் ஒரே நிர்வாகத்தின்கீழ் ஓர் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி, ஓர் ஆங்கில வழி நர்சரிப் பள்ளி, ஓர் உயர்நிலைப் பள்ளி என்று மூன்று பள்ளிகள் ஒரே கட்டடத்தில் இருந்தன. குறுகலான படி. சான்று கொடுத்தவர் ஒருவர், ஆய்வு செய்ய வேண்டியவர் ஒருவர், அங்கீகாரம் தந்தவர் ஒருவர். ஒவ்வொருவருக்கும் தன் பங்கு மட்டும்தான் தெரியும். முழுக் கட்டடத்தையும் ஒரு பெற்றோரின் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. அந்தத் தீயை ஒட்டிப் போடப்பட்ட வழக்கில்தான் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமை என்பதில் பாதுகாப்பான பள்ளியும் அடங்கும் என்று சொன்னது.

எங்கள் சமரசத்தை அந்தக் கண்ணால் பார்த்தேன். இடம் ஒன்றியத்துடையது. ஒரு கட்டடத்தில் இருப்பவர்களைக் கண்காணிப்பது தனியார் பள்ளிகள் இயக்ககம், இன்னொன்றை தொடக்கக் கல்வித் துறை. உரிமம் தாசில்தார். கூரையின் பனஞ்சட்டத்தில் ஏறிய கரையானை யார் பார்ப்பார்கள்? குத்தகைக்காரர் "கட்டடம் யூனியனோடது" என்பார். யூனியன் "பராமரிப்பு குத்தகைக்காரரோடது" என்று சொல்லும். இரண்டு பேருமே எழுத்துப்படி சரியாக இருப்பார்கள். பிள்ளைகள் கீழே உட்கார்ந்திருப்பார்கள்.

கஜா ராத்திரி

2018 நவம்பர் 15 ராத்திரி. மறுநாள் விடியற்காலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. எங்கள் பக்கம் காற்று வந்தபோது தெற்குத் தெருவில் குடிசை நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கு எதிர்வீட்டில் இருக்கிற சத்துணவு ஆயாவிடம் சாவி இருந்தது. யாரையும் கேட்காமல் அவர் போய்த் திறந்தார். முப்பது குடும்பத்துக்கு மேல் அந்த இரண்டு காங்கிரீட் அறையில் இருந்தார்கள். ஓட்டுக் கட்டடத்தின் ஓடு காகிதம் மாதிரிப் பறந்தது. காங்கிரீட் அறைகள் நின்றன. அப்புறம் பத்து நாளைக்கு மின்சாரம் இல்லாமல், சத்துணவுக் கூடத்தில்தான் கஞ்சி காய்ச்சினார்கள்.

2008 நிஷா புயல் வெள்ளத்திலும் அதே மேடுதான். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி. மருத்துவ முகாம், பசுவுக்குத் தடுப்பூசி, குறைதீர்க்கிற நாள், எல்லாம் அங்கேதான். குத்தகைப் பத்திரத்தின் வரைவை எனக்குக் காட்டினார்கள். அதில் புயல் என்ற சொல்லே இல்லை. அதைச் சேர்க்கச் சொன்னால் சேர்த்திருப்பார்கள்தான். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பத்திரத்தை எடுத்துக் காட்டிச் சாவி கேட்கிற நிலையில் எவனும் இருக்க மாட்டான்.

கிராம சபை

2024 ஆகஸ்ட் 15 கிராம சபையில் இது பொருளாக வந்தது. வழக்கமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைகிற கூட்டம். அன்று புளியமரத்தடியில் உட்கார இடமில்லை. தனியார் பள்ளிக்காரரும் வந்திருந்தார். மரியாதையாகப் பேசினார்.

நான் எழுந்து தானப் பத்திரத்தைப் படித்தேன். காலம் பற்றியும் கும்பகோணம் பற்றியும் சொன்னேன். பாதியில் ஒரு பையன், என்னிடம் படித்தவனின் மகன், எழுந்து கேட்டான்.

"ஐயா, கோவிச்சுக்கக் கூடாது. ஒங்க பேத்தி எங்க படிக்குது?"

என் பேத்தி வேனில்தான் போகிறாள். அதை அப்படியே சொன்னேன். என் மகன் எடுத்த முடிவு என்று சொல்லித் தப்பிக்கத் தோன்றியது; சொல்லவில்லை. நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம், பேசவில்லை. கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. என் பேச்சின் பலம் அத்தோடு போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்போது தெற்குத் தெருவிலிருந்து ஒரு வயதான அம்மா பேசினார். அவர் கிராம சபையில் பேசி நான் பார்த்ததில்லை.

"வாத்தியாரய்யா வீட்டுப் புள்ள வேன்ல போவட்டும், வேணாங்கல. தலைவரம்மா வீட்டுப் புள்ளையும் போவட்டும். எம்பேரனுக்கு வேனு கெடையாது. ஆத்தத் தாண்டி ரெண்டு கிலோமீட்டர் நடக்கறான். தண்ணி தொறந்துட்டா பாலத்துல போறதுக்குள்ள எனக்கு உசுரு போயி வருது. இந்தக் கதவத் தொறந்தா அவன் இங்க வருவான். அவங்களுக்குத் தொறந்தா இந்தக் கதவுலயே அவனால நொழைய முடியாது. பூட்டிக் கெடந்தா கூட, நாளைக்குத் தொறப்பாங்கன்னு ஒரு நெனப்பு இருக்கும்."

தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த எண்ணை நான் இருபது தடவை எழுதியிருக்கிறேன். பாலத்தைத் தாண்டுகிற பேரனைக் கணக்கில் எடுத்தது அந்த அம்மாதான்.

ஊராட்சித் தலைவர் அம்மா தீர்மானத்தை இப்படி எழுதச் சொன்னார்: கட்டடத்தைக் குத்தகைக்கு விட ஊருக்குச் சம்மதமில்லை, அடுத்த ஜூனில் பள்ளியைத் திறக்க வேண்டும், பிள்ளை சேர்க்க ஊரே பொறுப்பு. கையெழுத்துகளோடு நகல் ஒன்றியத்துக்கும் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் போனது.

அதற்குப் பிறகு

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் மாவட்டம் உட்பட பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். குத்தகைக் கோரிக்கை இன்னொரு தடவை ஒன்றிய அலுவலகத்துக்குப் போனதாகக் கேள்விப்பட்டுப் பதறிப்போய் ஓடினோம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்றியக் குழு இல்லாத நேரத்தில், ஒரு கையெழுத்தில் எதுவும் நடக்கலாம் என்ற பயம். அலுவலர் கோப்பைப் பார்த்தார், கிராம சபைத் தீர்மானம் உள்ளே இருந்தது. "இது இருக்கும்போது நான் எப்படிங்க போடுவேன்?" என்றார். அந்த ஒரு தாள்தான் காப்பாற்றியது.

அதே ஜனவரியில்தான் 500 அரசுப் பள்ளிகளுக்குத் தனியார் பள்ளிகள் உதவப்போவதாக வந்த அறிவிப்பு, தத்தா, தாரைவார்ப்பா என்று மாநில அளவில் பெரிய சண்டையானது. உதவி மட்டும்தான், எதையும் கொடுக்கவில்லை என்று அமைச்சர் விளக்கம் சொன்னார். எங்கள் டீக்கடையில் அந்தச் செய்தியை எல்லோரும் அக்கறையோடு படித்தார்கள். ஒரு வருடம் முன்பு என்றால் புரட்டிவிட்டுப் போயிருப்போம்.

இதையெல்லாம் அனுபவித்தபின் பூட்டிய பள்ளிக்கு நான் வைக்கிற சோதனை ஒன்றே ஒன்று: அடுத்த திங்கட்கிழமை காலையில் ஒரு பிள்ளை சிலேட்டோடு வந்து நின்றால், அன்றே கதவைத் திறக்க முடியுமா? அங்கன்வாடி நடந்தால் முடியும். நூலகம் என்றால் முடியும்; 2019-இல் சேர்க்கை இல்லாத 46 பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகமாக்குவதாக அரசு சொன்னதில் குறைந்தபட்சம் இந்த வசதி இருந்தது. மகளிர் குழுவின் தையல் வகுப்பு, மாலை நேரப் பாடம், எல்லாவற்றுக்கும் முடியும். கட்டணப் பள்ளிக்குக் குத்தகை விட்டால் முடியாது.

ஏப்ரல், மே வெயிலில் அக்கரைப் பள்ளித் தலைமையாசிரியையும் நாங்கள் நாலு பேரும் வீடு வீடாகப் போனோம். காலைச் சாப்பாடு உண்டு, பிற்பாடு கல்லூரிக்குப் போகும்போது புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு என்று சொன்னோம். இவையெல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி வழியில் போகிறவர்களுக்கு. ஆயிரம் ரூபாய்க் கணக்கைவிட, "டீச்சர் தினமும் வருவாங்களா?" என்ற கேள்விதான் அதிகம் வந்தது. அதற்கு நாங்கள் மழுப்பவில்லை. இரண்டு பேர் கேட்டிருக்கிறோம், முதலில் ஒருவர்தான் வருவார் என்று சொன்னோம்.

2025 ஜூன் 2 அன்று ஏழு பிள்ளைகளோடு பள்ளி திறந்தது. ஐந்து பேர் தெற்குத் தெரு, அதில் பாலம் தாண்டிப் போன அந்தப் பேரனும் உண்டு. இரண்டு பேர் எங்கள் தெரு. இரண்டாவது காங்கிரீட் அறையில் அங்கன்வாடி. தனியார் பள்ளிக்காரர் மெயின் ரோட்டில் வேறு இடம் பார்த்துவிட்டார். பார்த்தால் இன்னும் வணக்கம் சொல்கிறார். என் பேத்தி இப்போதும் வேனில்தான் போகிறாள். மகனிடம் பேசிவருகிறேன், இன்னும் சம்மதிக்கவில்லை.

ஓட்டுக் கட்டடத்துக்கு ஒன்றியப் பொறியாளர் வந்து அளந்து போனார். மதிப்பீடு போட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். இரண்டாவது ஆசிரியர் வரவில்லை. ஏழு என்பது அடுத்த ஜூனில் எவ்வளவு ஆகும் என்ற கவலை எங்களுக்குத் தினமும் இருக்கிறது. சத்துணவு ஆயாவைப் பழையபடி எங்கள் பள்ளிக்கே போட்டுவிட்டார்கள். சாவி அவர் வீட்டு நிலைப்படி ஆணியில் தொங்குகிறது.